மேரியன் ராணுவக் கல்லூரி: இருபது வயதில் அதிகாரியாகும் பாதை பற்றிய ஒரு மதிப்பீடு

அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்த ஒருவர், இளங்கலைப் பட்டம் பெறுவதற்கு முன்பாகவே, இரண்டு ஆண்டுகளில் ராணுவத்தின் செகண்ட் லெப்டினன்டாகப் பதவியேற்கலாம் என்று சொன்னால் நம் குடும்பங்களில் பலர் நம்பத் தயங்குகிறார்கள். அப்படியொரு வழி சட்டப்படியே இருக்கிறது. ஆனால் அது ராணுவ ஜூனியர் கல்லூரிகள் எனப்படும் நான்கு நிறுவனங்களில் மட்டுமே திறந்திருக்கிறது. அலபாமாவில் மேரியன் மிலிட்டரி இன்ஸ்டிட்யூட், ஜார்ஜியாவின் மில்லட்ஜ்வில்லில் ஜார்ஜியா மிலிட்டரி காலேஜ், நியூ மெக்சிகோவின் ராஸ்வெல்லில் நியூ மெக்சிகோ மிலிட்டரி இன்ஸ்டிட்யூட், பென்சில்வேனியாவின் வெய்னில் வேலி ஃபோர்ஜ் மிலிட்டரி காலேஜ் ஆகியவையே அந்த நான்கு. மிசூரியின் லெக்சிங்டனில் இருந்த வென்ட்வொர்த் 2017இல் மூடப்பட்டுவிட்டது.

என் தங்கை மகன் ராணுவ அதிகாரியாக வேண்டும் என்பதில் உறுதியாக இருந்ததால், இவற்றில் மேரியனை நேரில் போய்ப் பார்த்தோம். அதன் பாடத்திட்டத்தையும், மாணவர் கையெழுத்திட வேண்டிய ஒப்பந்தத்தின் விதிகளையும் வரி வரியாகப் படித்தோம். அட்லாண்டா, ஹன்ட்ஸ்வில் பக்கம் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இப்போது இந்தக் கேள்வி அடிக்கடி எழுவதைக் காண்கிறேன். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை ராணுவத்துக்குப் போகிறேன் என்றால், பெற்றோருக்கு விசாரிக்க ஆள் கிடைப்பதில்லை. ஊரில் அமராவதிநகர் சைனிக் பள்ளியையும் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியையும் அறிந்தவர்களுக்குக்கூட இந்த ஏற்பாடு புதிது. கடக்வாஸ்லாவின் தேசியப் பாதுகாப்பு அகாடமியில் பட்டப்படிப்பு முடிந்து, அடுத்த அகாடமியின் பயிற்சியும் முடிந்த பிறகுதான் தோளில் நட்சத்திரம் ஏறும். மேரியனில் நட்சத்திரத்துக்கு நிகரான அந்தத் தங்கநிறப் பட்டை முதலில் வந்துவிடுகிறது, பட்டத்தைப் பிறகு தேடிப் பெற வேண்டும். இந்தக் கல்லூரியின் சிறப்பும் சிக்கலும் இந்த வரிசை மாற்றத்தில்தான் அடங்கியிருக்கின்றன என்பது என் கருத்து.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மேரியன், அலபாமாவின் பெர்ரி கவுன்டியில், செல்மாவிலிருந்து வடமேற்கே சுமார் முப்பது மைல் தொலைவில் இருக்கும் சிற்றூர். 1842இல் இங்கே ஹாவர்ட் கல்லூரி தொடங்கப்பட்டது. அது 1887இல் பர்மிங்ஹாமுக்கு இடம்பெயர்ந்தபோது, அதன் தலைவராக இருந்த ஜேம்ஸ் தாமஸ் மர்ஃபி ஊரிலேயே தங்கி, அதே கட்டடங்களில் இந்த ராணுவக் கல்லூரியை நிறுவினார். இடம்பெயர்ந்த கல்லூரி இன்றைய சாம்ஃபோர்ட் பல்கலைக்கழகம். வளாகத்தின் பழைய தேவாலயம் 1857இல் கட்டப்பட்டது. உள்நாட்டுப் போரின்போது அது மருத்துவமனையாகப் பயன்பட்டது. நெடுங்காலம் தனியார் நிறுவனமாக இருந்த கல்லூரி, 2006இல் அலபாமாவின் அரசு சமுதாயக் கல்லூரிகளின் அமைப்பில் சேர்ந்தது. தென்மாநிலக் கல்லூரிகளுக்கான வட்டார அங்கீகார ஆணையத்தின் அங்கீகாரமும் இதற்கு உண்டு. இங்கே படித்த பாடங்களைப் பிற பல்கலைக்கழகங்கள் பரிசீலிக்க அது அடிப்படைத் தேவை என்பதால், பெற்றோர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஊரின் இன்னொரு வரலாற்றையும் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. கொரெட்டா ஸ்காட் கிங் பிறந்து வளர்ந்தது மேரியனுக்கு அருகில்தான். 1965 பிப்ரவரி 18 அன்று இரவு, வாக்குரிமைக்காக நடந்த ஊர்வலத்தில் ஜிம்மி லீ ஜாக்சன் என்ற கறுப்பின இளைஞரை மாநிலக் காவலர் ஒருவர் சுட்டது இதே ஊரில். அவருடைய மரணமே செல்மாவிலிருந்து மான்ட்கோமரி நோக்கிய நடைப்பயணத்துக்கு உடனடிக் காரணமாயிற்று. அரசியலமைப்பைக் காப்பேன் என்று உறுதிமொழி எடுக்கப்போகும் இளைஞர்கள் இரண்டு ஆண்டுகள் வாழும் ஊரில், சீருடையணிந்த அதிகாரம் தவறிய இடம் நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. அங்கே சேரும் ஒவ்வொரு மாணவரும் அதைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கல்லூரியில் சேருவோர் எல்லோரும் ஒரே நோக்கத்தோடு வருவதில்லை. கமிஷனை, அதாவது ராணுவ அதிகாரிப் பதவியை, விரைவில் பெறும் திட்டம் ஒன்று. வெஸ்ட் பாயின்ட் போன்ற அகாடமிகளில் இடம்பெறத் தயார்ப்படுத்தும் ஓராண்டுத் திட்டம் மற்றொன்று. ராணுவத்தில் சேரும் எண்ணமில்லாமல், கட்டுப்பாடான சூழலில் இரண்டாண்டுப் படிப்பை முடிக்க வருவோருக்கான தலைமைப் பண்புத் திட்டம் மூன்றாவது. எல்லோரும் ஒரே சீருடை அணிகிறார்கள், ஒரே உணவுக்கூடத்தில் சாப்பிடுகிறார்கள், ஒரே அணிவகுப்பில் நிற்கிறார்கள். அதனால் வளாகத்தைச் சுற்றிப் பார்க்கும் பெற்றோருக்கு எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். உண்மையில் முதல் இரண்டும் முற்றிலும் வெவ்வேறு திசைகளில் போகும் பாதைகள். எதற்காகப் பணம் கட்டுகிறோம் என்பது சேர்க்கைப் படிவத்தை நிரப்பும் முன்பே தெளிவாகிவிட வேண்டும்.

கமிஷன் திட்டம் இப்படி நடக்கிறது. வழக்கமான நான்காண்டுக் கல்லூரியில் ஆர்.ஓ.டி.சி. எனப்படும், மாணவரை ராணுவ அதிகாரியாக்கும் பயிற்சி நான்கு நிலைகளாகப் பிரிந்திருக்கும். முதல் இரண்டு நிலைகள் அடிப்படை, பின்னிரண்டும் மேல்நிலை. மேரியனில் சேரும் மாணவர், கல்லூரி தொடங்குவதற்கு முந்தைய கோடையில் கென்டக்கியின் ஃபோர்ட் நாக்ஸ் முகாமில் சுமார் ஒரு மாத அடிப்படைப் பயிற்சியை முடித்து, முதல் இரண்டு நிலைகளுக்கு ஈடுசெய்துவிடுகிறார். ஏற்கெனவே படையில் அடிப்படைப் பயிற்சி பெற்றவருக்கு இந்த முகாமிலிருந்து விலக்கு கிடைக்கலாம். பிறகு கல்லூரியின் முதலாண்டிலேயே மூன்றாம் நிலைப் பாடம் தொடங்குகிறது. அதை முடித்ததும் மறுபடியும் ஃபோர்ட் நாக்ஸில் ஒரு மாதத்துக்கு மேல் நீளும் மேல்நிலை முகாம், இரண்டாம் ஆண்டில் நான்காம் நிலை, முடிவில் கமிஷன். பதினெட்டு வயதில் சேர்ந்தவர் இருபது வயதில் அதிகாரி.

அந்த கமிஷன் எந்தப் படைப் பிரிவுக்கு என்பதுதான் பலரும் கவனிக்கத் தவறும் இடம். இந்தத் திட்டத்தில் வருவோர் முழுநேர ராணுவத்துக்கு அல்ல, ரிசர்வ் படைக்கோ ஏதேனும் ஒரு மாநிலத்தின் நேஷனல் கார்டுக்கோதான் அதிகாரிகளாகிறார்கள். வழக்கமாக மாதத்தில் ஒரு வார இறுதி, ஆண்டில் சுமார் இரண்டு வாரம் பயிற்சி. மற்ற நாட்களில் அவர் குடிமகன். பட்டத்தை முடித்த பிறகு முழுநேரப் பணிக்கு மனுச் செய்யலாம் என்றாலும் அதற்கு உத்தரவாதம் கிடையாது. முழுநேர ராணுவ வாழ்க்கையை மட்டுமே கனவு காணும் பிள்ளைக்கு இந்தத் திட்டம் பொருந்தாது என்று வெளிப்படையாகவே சொல்வேன். அவருக்கு நான்காண்டுப் பல்கலைக்கழகத்தின் ஆர்.ஓ.டி.சி. அல்லது அகாடமியே ஏற்றது. மாறாக, பொறியாளராகவோ ஆசிரியராகவோ காவல்துறையிலோ பணியாற்றிக்கொண்டே படையிலும் அதிகாரியாக இருக்க விரும்புவோருக்கு, இதைவிட இளம் வயதில் தொடங்கும் வழி வேறு இல்லை. ரிசர்வ் பணிக்காலமும் ஊதியக் கணக்கில் சேர்வதால், நான்காண்டு படித்து வரும் தோழர்களைவிட ஓரிரு ஆண்டுகள் மூத்தவராகவே அவர் தம் பணியைத் தொடங்குகிறார்.

ஒப்பந்தத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். கமிஷன் திட்டத்தில் சேரும் மாணவர் எட்டாண்டுப் படைக்கடமைக்குக் கையெழுத்திடுகிறார். நான்காண்டு ஆர்.ஓ.டி.சி. உதவித்தொகை பெறுபவருக்கு ஒரு சலுகை உண்டு: முதலாண்டு முழுவதும் படித்துப் பார்த்துவிட்டு, இரண்டாம் ஆண்டு தொடங்கும் முன், எந்தக் கடமையும் இல்லாமல் விலகிக்கொள்ளலாம். மேரியன் மாணவர் நேரே மூன்றாம் நிலைக்குப் போய்விடுவதால், இந்த யோசனைக்கால ஓராண்டு அவருக்குக் கிடைப்பதில்லை. வீட்டை விட்டு வந்த முதல் பருவத்திலேயே அவர் ஒப்பந்தத்துக்குள் வந்துவிடுகிறார். இடையில் தம் போக்கில் விலகினாலோ, படிப்பிலோ நடத்தையிலோ தவறி நீக்கப்பட்டாலோ, பெற்ற உதவித்தொகையைத் திருப்பிக் கேட்கவும், சாதாரணப் படைவீரராகப் பணியாற்ற ஆணையிடவும் ராணுவத்துக்கு உரிமை உண்டு. பதினெட்டு வயதுப் பிள்ளையின் கையெழுத்துக்கு இவ்வளவு கனம் இருக்கிறது என்பதைக் குடும்பம் முழுவதும் உட்கார்ந்து பேச வேண்டும். என் தங்கையும் மைத்துனரும் அந்தப் பக்கங்களைத் தமிழில் ஒருவருக்கொருவர் விளக்கிக்கொண்டே படித்தார்கள்; அந்த மாலைப்பொழுது வீணாகவில்லை.

இந்தக் கடமைக்கு ஈடாகக் கிடைப்பதும் குறைவல்ல. தேர்வு பெறுபவருக்கு ரிசர்வ் படைப் பணிக்கான ராணுவ உதவித்தொகை, கல்விக் கட்டணத்தையோ தங்கும் அறை, உணவுச் செலவையோ ஏற்கிறது. அதற்கு மேல் படிப்பு மாதங்களில் மாதம் 420 டாலர் படித்தொகையும், புத்தகங்களுக்கு ஆண்டுக்கு 1,200 டாலரும் வருகின்றன. உதவித்தொகை ஏற்காத மற்றப் பகுதியை யார் கட்டுவது, கல்லூரி தன் நிதியிலிருந்து எவ்வளவு தரும் என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது. சீருடைச் செலவு தனி என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அரசுக் கல்லூரியானதால் மேரியனின் கல்விக் கட்டணம் சமுதாயக் கல்லூரி மட்டத்தை ஒட்டியது. வேறு மாநிலத்திலிருந்து வருவோருக்கு அது கூடும்.

இனி படிப்பு. இந்த மதிப்பீட்டில் என் தயக்கம் முழுவதும் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. கல்லூரி தருவது இரண்டாண்டு அசோசியேட் பட்டம்: கணிதம், ஆங்கிலம், வரலாறு, அறிவியல் எனப் பொதுவான பாடங்கள். வகுப்புகள் சிறியவை, பேராசிரியருக்கு மாணவரின் பெயர் தெரியும், மாலையில் அனைவரும் அறையில் அமர்ந்து படித்தே ஆக வேண்டிய நேரம் உண்டு, அந்த நேரத்தில் வளாகம் அடங்கிக் கிடக்கிறது. பள்ளியில் அறிவிருந்தும் ஒழுங்கில்லாமல் மதிப்பெண் இழந்த பிள்ளைகளுக்கு இந்தச் சூழல் மிகுந்த நன்மை செய்யும் என்று முழு மனதோடு சொல்வேன்.

ஆனால் கமிஷன் திட்ட மாணவரின் நாள் மிக நெருக்கமானது. விடியுமுன் உடற்பயிற்சி, பின் அணிவகுப்பு, வகுப்புகள், ராணுவ அறிவியல் பாடமும் அதன் செய்முறையும், வார இறுதிகளில் களப்பயிற்சி. நாங்கள் போன அன்று பிற்பகல், மரங்களுக்கு நடுவே மண்ணைக் கூட்டிக் குன்றும் ஓடையும் அமைத்த ஒரு மாதிரி நிலப்பரப்பின் முன் மாணவி ஒருவர் மண்டியிட்டிருந்தார். நீல நூல் ஓடை, சுள்ளி பாலம், ஒரு சிறு அட்டையில் எழுதிச் செருகியிருந்தது எதிரியின் நிலை. தம் படைப்பிரிவினர் ஒன்பது பேருக்கு அவர் செயலாணையை விளக்கிக்கொண்டிருந்தார். நிலைமை, பணி, நிறைவேற்றம், தளவாட ஆதரவு, தலைமையும் தகவல் தொடர்பும் என்ற ஐந்து பகுதிகளையும் குறிப்பேட்டைப் பாராமல், குரல் தடுமாறாமல் சொன்னார். யார் எங்கே படுத்திருப்பார், நான் வீழ்ந்தால் யார் பொறுப்பேற்பார் என்பதுவரை. பத்தொன்பது வயதுக்கு மேல் இருக்காது. முடித்துவிட்டு எழுந்தவர் முழங்கால் மண்ணைத் தட்டியபடியே பக்கத்திலிருந்தவரிடம் கேட்டது, மறுநாள் காலை கால்குலஸ் தேர்வுக்கு எந்த அத்தியாயம்வரை என்று. இந்த இரண்டையும் ஒருசேரச் சுமக்கும் திறன் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. வாய்த்தவரிடம் அது நிகழ்வதைப் பார்ப்பது பெருமையாக இருந்தது.

இப்படிப்பட்ட மாணவர் கமிஷன் பெற்றபின் என்ன ஆகிறார் என்பதே முக்கியமான கேள்வி. இளங்கலைப் பட்டத்தை முடிக்க அவருக்குப் பொதுவாக மூன்றாண்டுக் கெடு தரப்படுகிறது. அதுவரை அவர் அதிகாரியாக இருந்தாலும் அவரைப் போர்க்களத்துக்கு அனுப்புவதில்லை. பட்டம் பெற்று, தம் படைத்துறைக்குரிய அடிப்படை அதிகாரிப் பயிற்சியையும் முடித்த பிறகுதான் முழுத் தகுதி. ஆக, இருபது வயதில் பதவியேற்றவர் அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் வேறொரு பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு மாணவராக உட்காருகிறார். இப்போது அவரை விடியற்காலையில் எழுப்ப யாரும் இல்லை, மாலையில் படிக்கச் சொல்ல யாரும் இல்லை, மாதம் ஒரு வார இறுதி மட்டும் சீருடை. கல்லூரி கொடுத்த ஒழுங்கு அவருக்குள்ளே வேரூன்றியிருக்கிறதா என்பதை அந்த மூன்றாம் ஆண்டுதான் சோதிக்கிறது.

பாட மாற்றத்திலும் இடர் உண்டு. வரலாறு, வணிக நிர்வாகம், குற்றவியல், அரசியல் அறிவியல் படிக்க விரும்புவோர் பெரிய இழப்பின்றி மாறிவிடலாம். பொறியியல் படிக்க விரும்புவோருக்கு நிலை வேறு. இயந்திரவியலோ மின்னியலோ மூன்றாம் ஆண்டில் தொடர வேண்டுமானால், கால்குலஸின் எல்லாப் பகுதிகளும், வகையீட்டுச் சமன்பாடுகளும், இயற்பியலும், நிலையியல், இயக்கவியல் போன்ற முன்தேவைப் பாடங்களும் முடிந்திருக்க வேண்டும். அவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டவை, ஒன்று தவறினால் ஓராண்டு பின்தள்ளும். ராணுவ அறிவியல் பாடங்களின் மதிப்பலகுகளைப் பல பல்கலைக்கழகங்கள் விருப்பப் பாடமாக மட்டுமே ஏற்கின்றன. எங்களுக்குத் தெரிந்த குடும்பத்துப் பையன் ஒருவர் வேறொரு இரண்டாண்டுக் கல்லூரியிலிருந்து பொறியியலுக்கு மாறியபோது, புதிய பல்கலைக்கழகம் பல பாடங்களை ஏற்காமல் போனதால் ஓராண்டு கூடுதலாகப் படிக்க நேர்ந்தது. சாதாரண மாணவருக்கு அது பணமும் காலமும் சம்பந்தப்பட்ட தொல்லை. மூன்றாண்டுக் கெடு உள்ள லெப்டினன்டுக்கு அது பதவியையே பாதிக்கும் விஷயம். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் பொறியியலையும் கணினியியலையும் நாடுவதால் இதை அழுத்திச் சொல்கிறேன். மருத்துவத்துக்கு முந்தைய படிப்பும் இதே நெருக்கடியில்தான் வரும்.

அகாடமிக்குத் தயார்ப்படுத்தும் திட்டம் இதைவிட எளிமையானது, அதனாலேயே அதைப் பற்றி எனக்குத் தயக்கம் குறைவு. வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமி, அனாபொலிஸ் கடற்படை அகாடமி, கொலராடோ ஸ்பிரிங்ஸ் விமானப்படை அகாடமி, நியூ லண்டன் கடலோரக் காவல் அகாடமி, கிங்ஸ் பாயின்ட் வணிகக் கப்பல் அகாடமி ஆகிய ஐந்தில் ஒன்றில் நூலிழையில் இடம் தவறியவர், ஓராண்டு இங்கே கால்குலஸ், வேதியியல், ஆங்கிலம் படித்து, நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணையும் உடல்தகுதியையும் உயர்த்திக்கொண்டு மறுபடி விண்ணப்பிக்கிறார். அகாடமிகள் தாமே நடத்தும் தயாரிப்புப் பள்ளிகளும் உண்டு. ஆனால் அவற்றுக்கு நேரே விண்ணப்பிக்க முடியாது, அகாடமிக்கு வந்த விண்ணப்பங்களிலிருந்து அவர்களே தேர்ந்தெடுப்பார்கள். விமானப்படை அகாடமிக்கு முயல்வோருக்கு ஃபால்கன் அறக்கட்டளை போன்ற அமைப்புகள் இத்தகைய கல்லூரிகளில் படிக்க உதவி செய்கின்றன. அப்படி ஆதரவு பெற்று வருபவரின் வாய்ப்பு, தாமே பணம் கட்டி வருபவரின் வாய்ப்பைவிட உறுதியானது என்பதை உணர்ந்தே முடிவெடுக்க வேண்டும்.

இங்கே பெற்றோர் அறிய வேண்டியவை இன்னும் இரண்டு. அகாடமியில் இடம் கிடைத்தால் மாணவர் அங்கே முதலாண்டிலிருந்தே தொடங்க வேண்டும். மேரியனில் படித்த பாடங்களில் சிலவற்றுக்கு விலக்கு கிடைத்தாலும் நான்காண்டு நான்காண்டுதான். அந்த ஓராண்டைக் கணக்கில் இழப்பாகப் பார்ப்பவர்களோடு நான் உடன்படவில்லை: அகாடமியின் முதலாண்டு கணிதத்திலும் வேதியியலிலும் திணறாமல் நிற்க அது பெருந்துணை. அடுத்தது பரிந்துரை. கடலோரக் காவல் அகாடமி தவிர மற்றவற்றுக்கு நாடாளுமன்ற உறுப்பினரின் பரிந்துரையோ அதற்கு இணையான வேறு பரிந்துரையோ கட்டாயம் தேவை. வெஸ்ட் பாயின்ட், அனாபொலிஸ், விமானப்படை அகாடமி ஆகியவை ஒவ்வொன்றிலும் ஓர் உறுப்பினரின் கணக்கில் ஒரே நேரத்தில் ஐந்து பேர்தான் இருக்கலாம். தயாரிப்பு ஆண்டில் சேர்ந்துவிட்டோம் என்று இந்தப் பரிந்துரைக்கு மறுபடி விண்ணப்பிக்க மறப்பவர் அந்த ஆண்டை வீணாக்குகிறார். சொந்த ஊரின் உறுப்பினர் அலுவலகத்துக்குத்தான் விண்ணப்பம் போக வேண்டும், கல்லூரி இருக்கும் தொகுதிக்கு அல்ல.

ராணுவ நோக்கமில்லாத மூன்றாவது திட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒழுங்கு வேண்டும், சிறிய கல்லூரி வேண்டும் என்பவருக்கு அது ஏற்கத்தக்கது. சீருடையில் விருப்பமில்லாத பிள்ளையைத் திருத்துவதற்காக அனுப்புவது மட்டும் வேண்டாம்.

உடல்தகுதி, கமிஷன், அகாடமி ஆகிய இரண்டு பாதைகளுக்கும் தேவை. 2025இல் ராணுவம் கொண்டுவந்த புதிய உடல்தகுதித் தேர்வில் ஐந்து பகுதிகள்: எடை தூக்குதல், கைகளை விடுவித்துச் செய்யும் தண்டால், எடை இழுத்தும் சுமந்தும் ஓடும் ஓட்டம், பிளாங்க் நிலையில் நிற்றல், இரண்டு மைல் ஓட்டம். பயிற்சியால் இதை வென்றுவிடலாம். மருத்துவத் தகுதி அப்படியல்ல. பாதுகாப்புத் துறையின் மருத்துவப் பரிசோதனை வாரியம் ஒவ்வொரு மாணவரின் பழைய மருத்துவ வரலாற்றையும் பார்க்கிறது. பதின்மூன்று வயதுக்குப் பிறகும் ஆஸ்துமா இருந்ததாகப் பதிவிருந்தால் அது தகுதிக் குறைவு. விலக்கு கோரலாம், ஆனால் கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. நம் வீடுகளில் சளிக்கும் இருமலுக்கும் மருத்துவர் கொடுத்த இன்ஹேலர் எந்தப் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதை முன்கூட்டியே கேட்டு அறிந்துகொள்வது பயனளிக்கும். எதையும் மறைக்கக் கூடாது. பிற்பாடு தெரியவந்தால் போவது கமிஷன் மட்டுமல்ல.

குடியுரிமை பற்றியும் ஒரு வார்த்தை. கமிஷன் பெற அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம். பெற்றோர் ஹெச்-1பி விசாவில் இருந்து, பிள்ளை இந்தியாவில் பிறந்து சார்பு விசாவில் வந்திருந்தால், மாணவராகக் கல்லூரியில் சேர முடிந்தாலும் அதிகாரிப் பாதை திறக்காது. பச்சை அட்டை கிடைத்துவிட்டது என்பதும் போதாது.

மற்ற மூன்றோடு மேரியனை எப்படி ஒப்பிடுவது? ராஸ்வெல்லில் உள்ள நியூ மெக்சிகோ கல்லூரி 1891இல் தொடங்கியது, அதுவும் மாநில அரசின் ஆதரவு பெற்றது. உயர்நிலைப் பள்ளியும் கல்லூரியும் ஒரே வளாகத்தில் இயங்குகின்றன. அமெரிக்கக் கால்பந்து வீரர் ரோஜர் ஸ்டாபாக் அங்கே ஓராண்டு படித்த பிறகே கடற்படை அகாடமிக்குச் சென்றார். தயாரிப்பு ஆண்டின் பயனுக்கு அதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை. கட்டட அழகிலும் வசதியிலும் ராஸ்வெல் முன்னே நிற்கிறது, ஆனால் தென்கிழக்கு மாநிலங்களில் வாழ்வோருக்கு வெகுதொலைவு. மில்லட்ஜ்வில் கல்லூரி 1879இல் ஜார்ஜியாவின் பழைய சட்டமன்றக் கட்டடத்தில் தொடங்கப்பட்டது. அதற்கு மாநிலம் முழுவதும் கிளைகள் உண்டு, அங்கே படிப்போரில் பெரும்பாலோர் சீருடை அணியாத சாதாரண மாணவர்கள். ஜார்ஜியா நேஷனல் கார்டில் பணியாற்ற ஒப்புக்கொள்ளும் அம்மாநில மாணவருக்கு அரசின் தனி உதவித்தொகையும் இருப்பதால், அட்லாண்டாக் குடும்பங்கள் அதை முதலில் விசாரிக்கலாம். வேலி ஃபோர்ஜ் தனியார் நிறுவனம், செலவு அதிகம். மேரியனின் தனித்தன்மை, அது சிறியது என்பதும் முழுக்கக் கல்லூரி மட்டுமே என்பதும்தான். வளாகத்தில் இருப்போர் அனைவரும் கேடட்டுகள், பள்ளிப் பிள்ளைகள் இல்லை. தலைமைப் பொறுப்புகள் விரைவாகவும் பலருக்கும் கிடைக்க இதுவே காரணம். ஊரின் சிறுமையைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். கடைத்தெருவுக்கும் சினிமாவுக்கும் பழகிய பிள்ளைக்கு முதல் மாதங்கள் கடினமாகத்தான் இருக்கும்.

என் தங்கை மகன் ரிசர்வ் படையில் இருந்துகொண்டே ஆசிரியராக விரும்புகிறவன், படிக்கப்போவது வரலாறு. அவனுக்கு மேரியன் கமிஷன் திட்டம் பொருந்தும் என்று நான் பரிந்துரைத்தேன். அவனே பொறியியல் என்று சொல்லியிருந்தால், ஜார்ஜியா, டெக்சாஸ், வர்ஜீனியா மாநிலங்களில் உள்ள, நான்காண்டுப் பட்டம் தரும் மூத்த ராணுவக் கல்லூரிகளையோ, நான்காண்டு ஆர்.ஓ.டி.சி.யையோ பார்க்கச் சொல்லியிருப்பேன். அகாடமி ஒன்றே குறி என்றால் ஓராண்டுத் தயாரிப்புத் திட்டத்தைத் தயங்காமல் சொல்வேன்.

விண்ணப்பிக்க நினைப்பவர்கள் பதினோராம் வகுப்பு முடியும்போதே மருத்துவப் பரிசோதனைக்கான தாள்களைத் திரட்டத் தொடங்க வேண்டும்; விலக்கு கோர நேர்ந்தால் அதற்கு மாதங்கள் பிடிக்கும். பட்டத்தை முடிக்க எண்ணும் பல்கலைக்கழகம் எது என்பதைச் சேரும் முன்பே தீர்மானித்து, மேரியனின் பாடப் பட்டியலை அங்குள்ள மாற்றச் சேர்க்கை அலுவலகத்துக்கு அனுப்பி, எந்தப் பாடம் எந்தப் பாடத்துக்கு ஈடாக ஏற்கப்படும் என்பதை மின்னஞ்சலில் பெற்று வைத்துக்கொள்ள வேண்டும். மேரியனின் ராணுவ அறிவியல் பேராசிரியரிடம் நேரம் கேட்டு, கமிஷன் பெற்று வெளியேறியவர்களில் எத்தனை பேர் கெடுவுக்குள் பட்டம் முடிக்கிறார்கள் என்ற கேள்வியைப் பெற்றோர் உடனிருக்கும்போதே மாணவர் தம் வாயால் கேட்க வேண்டும்.